சத்தமில்லாத படத்தில் வந்த பறவை

அந்தப் பருவத்தில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. கிணற்றடியில் ஆமியின் செல் விழுந்து வெடித்தது.
2. அக்காவின் இரண்டு காதாலும் இரத்தம் வந்தது. சில நாளில் நின்றது.
3. அக்கா சொல்வழி கேளாத பிள்ளை ஆனாள்.
4. அப்பா அவளை அடிக்கத் தொடங்கினார்.
5. சம்மாட்டியார் நெல்லுக் கொட்டிலுக்குள் படம் காட்டத் தொடங்கினார்.
6. அந்தப் படத்தில் ஒரு ராட்சதப் பறவை வந்தது.
7. பிறகு உண்மையான பறவை, குண்டு போடும் கிபிர் விமானம், வந்தது.

குளக்கட்டு உடைந்தால் நாங்கள் முதலில் இப்படித்தான் எழுதுவோம். எதற்குப் பின்னால் எது நடந்தது என்பது முதலில். ஏன் என்பது பிறகு. நீர்ப்பாசன வேலையில் பழகிய கை வேறு விதமாக எழுத மறுக்கிறது.

எங்கள் வயதுக்காரருக்கு இதில் பாதியை விளக்கத் தேவையில்லை. கிபிரின் சத்தம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அது முதலில் காதுக்கு வராது. நெஞ்சுக்கூட்டுக்குள்தான் வரும். பிறகு வானம் சீலை கிழிவதுபோலக் கிழியும். அதற்குள் பங்கர்க் குழிக்குள் இறங்கியவர் இருப்பார், இறங்காதவர் இருக்கமாட்டார். அந்தக் காலத்தில் வன்னியில் ஒரு பிள்ளை உயிரோடு இருக்கத் தேவையானது நல்ல காது. சோறுகூட அதற்குப் பிறகுதான்.

நாங்கள் உருத்திரபுரத்தை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் வந்து, காட்டோரம் ஒருவரின் வயல்காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். எங்களைப்போல வந்த குடும்பங்கள் இன்னும் சில. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றும் இருந்தது. கடலில் இரண்டு படகும் கரைவலையும் வைத்து ஆட்களை வேலைக்கு அமர்த்தியிருந்த மனிதர். அதனால் கடலே இல்லாத இடத்திலும் அவரை எல்லாரும் சம்மாட்டியார் என்றார்கள். படகும் போய் வலையும் போன பிறகு அவர் ஒரு இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். அதற்குள் கையால் சுற்றுகிற பழைய புரொஜெக்டர் ஒன்று இருந்தது. எப்போதோ ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரப் பாதிரிச் சுவாமி ஒருவர் அவருடைய தகப்பனிடம் விட்டுப்போனதாம். கூடவே துருப்பிடித்த தகரப் பேணியில் ஒரு படச்சுருள்.

"வலையை விட்டிட்டு இந்தக் கோதாரியைக் காவிக்கொண்டு வந்த மனுசன்," என்று அவருடைய மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவா, கிணற்றடியில் சொல்லித் திரிவா.

"வலையைக் கொண்டுவந்து வயலிலையே வீசுறது?" என்பார் சம்மாட்டியார்.

செல் விழுந்த நாளை அதிகம் எழுதப்போவதில்லை. அக்கா வாளியோடு கிணற்றடியில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் பிறகு இருக்கவில்லை. அக்காவின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. காதால் மட்டும் இரத்தம் ஒழுகிக் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. அம்மா நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு காய்ச்சி விட்டா. இரத்தம் நின்றது. "தப்பினது மறுபிறப்பு," என்று எல்லாரும் சொன்னார்கள். காதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

அதன் பிறகுதான் அக்கா மாறினாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அம்மா உப்புக் கேட்டால் செம்பைக் கொண்டுவந்து கொடுப்பாள். எல்லாவற்றையும் கத்திக் கதைத்தாள். வானொலியில் நாடகம் போகும்போது எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தனியாக ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

"திமிர்," என்றார் அப்பா. "செல்லுக்குத் தப்பின திமிர்."

அடி என்றால் நாங்கள் எல்லாரும் சின்னனில் வாங்கிய அடி போல அல்ல. அப்பாவுக்கு வயல் போயிருந்தது, மாடு போயிருந்தது, அவருடைய தம்பி போயிருந்தார். அந்தக் கை எங்கேயோ போய் விழவேண்டியிருந்தது. பூவரசந்தடியால் அக்காவின் பின்னங்காலில் அடிப்பார். தடி முறிந்தால் பெல்ட். அவள் அழும்போதும் கத்தித்தான் அழுவாள். அது அவரை இன்னும் கோபப்படுத்தும். "சத்தம் போடாதை எண்டு சொல்லுறன், நிப்பாட்டு!" என்று அடிப்பார். அவள் நிறுத்தமாட்டாள். அவளுடைய காலில் கோடுகளுக்கு மேல் கோடு இருந்தது. அடி தொடங்கும் அடையாளம் அப்பாவின் வலது கை தலைக்கு மேல் உயர்வது. அது உயர்ந்தவுடன் அக்கா ஓடத் தொடங்குவாள்.

படத்துக்கு வருகிறேன்.

தொலைக்காட்சிப்பெட்டி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தேடிப் படம் போட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கள் காணியில் பெரியவர்கள் அதை விடவில்லை. சண்டைப் படம் போட்டால், உள்ளே விழுகிற குண்டுக்கும் வெளியே விழுகிற குண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சம்மாட்டியாரின் படத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதில் சத்தமே இல்லை. ட்ரக்டர் பற்றரியில் மோட்டார்சைக்கிள் லைற்று பல்ப் ஒன்றைக் கொழுவி, ஞாயிறு பூசைக்குக் கட்டும் வெள்ளை வேட்டியைச் சுவரில் விரித்து, வெயில் உள்ளே வராமல் ஓலைக் கிடுகுக்கு மேல் கறுப்புத் தறப்பாள் போட்டு, பின்னேரத்தில் காட்டுவார். இரவில் வெளிச்சம் கூடாது; பகலில் மட்டும்தான்.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. படம் ஓடும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் கொட்டில் வாசலில், முதுகு உள்ளுக்கும் முகம் வானத்துக்குமாக இருக்கவேண்டும். கதைக்கக்கூடாது, வெற்றிலை இடிக்கக்கூடாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'காது'. "இண்டைக்கு ஆர் காது?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அநேகமாக அப்பாதான். எங்கள் காணியில் கிபிரை முதலில் கேட்கிறவர் அவர்.

படத்துக்குப் பெயர் இல்லை. தொடக்கத்துத் துண்டு அறுந்து போயிருந்தது. நாங்கள் பார்க்கும்போது ஒரு மனிதன் ஏற்கெனவே மலையில் ஏறிக்கொண்டிருப்பான். ஏன் ஏறுகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. இடையிடையே வெள்ளை எழுத்து வரும். அது எந்தப் பாசை என்றும் தெரியாது. சம்மாட்டியார் ஒரு கையால் சுற்றிக்கொண்டே கதை சொல்வார். ஒவ்வொரு முறையும் வேறு கதை.

"உவன்ரை பொஞ்சாதியைக் கல்லாக்கிப் போட்டாங்கள், அதுதான் போறான்."

"போனமுறை தாயைத்தானே கல்லாக்கினவங்கள், மாமா?"

"இண்டைக்குப் பொஞ்சாதி. வாயை மூடிக்கொண்டு பார்."

வலை இழுத்த கை அது. வாள்சண்டை வந்தால் வேகமாகச் சுற்றுவார். ஆட்கள் பம்பரம்போல வெட்டுப்பட்டு விழுவார்கள். யாராவது அழுதால் மெதுவாகச் சுற்றுவார். முழுக்க நிறுத்தினால் பல்ப் சூட்டில் படம் பொசுங்கிவிடும். அப்படி எப்போதோ பொசுங்கிய ஓட்டையொன்று அந்த மனிதனின் கன்னத்தில் ஒரு காட்சி முழுவதும் துள்ளிக்கொண்டு திரிந்தது. நாங்கள் அதைக் காயம் என்றே நினைத்தோம்.

நெற்றியில் கொம்புள்ள காவல்காரர்கள் வந்தார்கள். அவர்களை அவன் படிக்கட்டில் ஒவ்வொருவராகக் குத்தி உருட்டினான். தலை ஒன்று உருண்டு எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு பறவை. முதலில் அதன் நிழல் பள்ளத்தாக்கின் மேல் வரும். மலையுச்சியில் நிற்கும் அவன் அதைக் கண்டு, கீழே நிற்கும் தன் ஆட்களுக்குக் காட்டுவான்: இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டில் குறுக்கே போட்டு, ஒரே இழுவையாகக் கீழே இறக்கிக் குப்புற விழுவான். கீழே நின்றவர்களில் அதைப் பார்த்தவர்கள் விழுவார்கள். பார்க்காமல் ஓடுகிறவனைப் பறவை தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் அடிக்கும். கடைசியில் அவன் அதன் கழுத்தை அறுப்பான். இரத்தம் கறுப்பாகத் திரை முழுக்க வழியும்.

அது சீலையும் இறகும் வைத்துக் கட்டிய பறவை. சிறகை இழுக்கிற நூல் எங்களுக்கே தெரியும். நூல் தெரிந்தும் நிழல் வந்தவுடன் தலையைக் குனிவோம். வெளியே வருகிற பறவைக்கு நூல் இல்லை, கழுத்தும் இல்லை. கழுத்து உள்ள ஒன்று வேண்டியிருந்ததால்தான் நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

படம் முடிந்தால் வயலில் சண்டை. தடிகளோடு உண்மையாகவே அடிபடுவோம். ஒருவனுக்குப் பல் போனது. எனக்குப் புருவத்தில் தையல் போடவேண்டி வந்தது. மருந்து இல்லாமல்தான் போட்டார்கள். பறவை வருகிறது என்று யாராவது கையைக் குறுக்கே போட்டால் எல்லாரும் விழவேண்டும். முதலில் விழுகிறவள் எப்போதும் அக்காதான்.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. வானொலிக்கு அக்கா எல்லாருக்கும் பிந்திச் சிரித்தாள். படத்துக்கு எல்லாருக்கும் முந்திச் சிரித்தாள். நாங்கள் சம்மாட்டியார் சொல்லும்வரை காத்திருந்தோம், அவள் காத்திருக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, பிஸ்கட் தகரத்தை அகப்பையால் ஓங்கி அடித்தேன். குசினிக்குள் அம்மா பதறிக் கத்தினா. கோழிகள் பறந்தன. அக்கா சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

நான் முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் கையில் தகரம் இருந்ததைக் கண்டுவிட்டாள்.

"சொல்லாதை," என்று கத்தினாள். தான் குசுகுசுப்பதாகத்தான் நினைத்திருக்கிறாள்.

நான் சொன்னேன். அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அக்காவுக்குக் காது கேக்கேல்லை."

"அவளுக்கு நீ வக்காலத்தோ?"

"உண்மையாத்தான், அப்பா. தகரத்தை அடிச்சுப் பாத்தனான்."

"வேண்டியதெல்லாம் கேக்குது, வேண்டாததுதான் கேக்கேல்லை. படம் பாத்துப் பாத்து ரெண்டுபேரும் நடிக்கப் பழகிட்டியள்," என்று என் கன்னத்தில் அறைந்தார். என் காதுக்குள்ளும் கொஞ்ச நேரம் ஒரு கூவல் இருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா. அவா நம்பினாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நம்புவது அந்தக் காணியில் பெரிய பயம். காது இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி ஓடுவது?

கிபிர் வந்த நாள் காலையில் அக்கா மறுபடி அடி வாங்கினாள். ஆடு ஒன்று யாருடையதோ மரவள்ளிக்குள் போய்விட்டது. அப்பா கூப்பிடக் கூப்பிட அவள் திரும்பவில்லை. அடி வாங்கியவள் அரிவு வெட்டி முடிந்த நெல்வயலுக்குள் ஓடி, தூரத்தில் வயல்வரம்பில் குந்தி இருந்துகொண்டாள். மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை. பின்னேரம் படம் தொடங்கியபோதும் வரவில்லை. பட்டினியும் வீம்பும். அப்பா வாசலில் காதாக இருந்தார்.

வாள்சண்டை முடியவில்லை. அப்பா எழும்பி விசில் அடித்தார். எங்களுக்கு அப்போது எதுவும் கேட்கவில்லை; அவருக்குக் கேட்டிருந்தது. நாங்கள் பங்கருக்கு ஓடினோம்.

"வாங்கோ மாமா!" என்று நான் கத்தினேன்.

"படம் பொசுங்கிப் போடும், லைற்றைக் கழட்டிப்போட்டு வாறன். நீ ஓடு பிள்ளை!"

நான் பங்கர் வாயில் நின்று பார்த்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தா. நான் மரக்குற்றியைப் பிடித்துக்கொண்டேன். வெறும் வயலில் அக்கா தனியாக இருந்தாள். எங்களைப் பங்கருக்குள் விட்ட அப்பா அங்கிருந்து அவளை நோக்கி ஓடினார். அவளுடைய பெயரைக் கத்தினார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி ஆட்டி, வா, வா என்று ஓடினார்.

அக்கா கண்டது உயர்ந்த கையை. அவள் எழும்பி ஓடத் தொடங்கினாள். அப்பாவிடமிருந்து விலகி, நேரே நெல்லுக் கொட்டிலை நோக்கி. அடி விழும்போதெல்லாம் அவள் சம்மாட்டியாருக்குப் பின்னால்தான் போய் ஒளிப்பாள்.

முதல் கிபிர் தலைக்கு மேலால் கிழித்துக்கொண்டு போனது. அது திரும்பி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா இன்னும் பலமாகக் கத்தினார். அவள் இன்னும் வேகமாக ஓடினாள். துரத்தப்படுகிற பிள்ளை ஓடி ஓடித் திரும்பிப் பார்க்கும், அவளும் பார்த்தாள்.

அப்பா நின்றார். கத்துவதை நிறுத்தினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டில் குறுக்கே போட்டு, ஒரே இழுவையாக இறக்கிக் குப்புற விழுந்தார்.

அக்கா விழுந்தாள். வாய்க்கால் ஒன்று அவளுடைய காலடியில் இருந்தது, அதற்குள் விழுந்தாள்.

குண்டு கொட்டிலில் விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. என் வாய்க்குள் மண். எழும்பிப் பார்த்தபோது கொட்டில் இருந்த இடத்தில் புகை; புகைக்குள் மழைபோல நெல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது குண்டு குளக்கரையில் விழுந்தது. பிறகு கிபிர் போய்விட்டது.

சம்மாட்டியாரின் கையை நான் கண்டேன். புரொஜெக்டரின் சுற்றுப்பிடி அதற்குள் இருந்தது. மிச்சத்தைப் பெரியவர்கள் சாக்கால் மூடினார்கள். அன்ரி சாக்கை இழுத்து இழுத்துப் பார்த்தா. "உந்தக் கோதாரியை விட்டிட்டு வந்திருக்கலாமே மனுசா," என்று அவரைக் கோபித்தா. பிறகு வேட்டியைத் தேடினா. அது காட்டோரத்தில் ஒரு மரத்தில் எரிந்துகொண்டிருந்தது. வறுபட்ட நெல்லின் மணம் நாட்கணக்காக அந்தக் காணியை விட்டுப் போகவில்லை. பசி வருகிற மணம் அது. அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

அப்பாவின் வலது தோளில் குண்டுத் துண்டு ஏறியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி அக்காவைத் தூக்கி, முகத்துக்கு நேரே முகம் வைத்து, உதட்டைப் பெரிதாக அசைத்துக் கேட்டார்.

"கேக்கேல்லையோ?"

அக்கா தலையாட்டினாள்.

"எப்ப தொடக்கம்?"

"கிணத்தடி."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"செவிடு எண்டா விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு நினைச்சன்," என்று கத்தினாள். முழுக் காணிக்கும் கேட்டது.

அப்பா வரம்பில் குந்தியிருந்து தோளால் இரத்தம் ஒழுக ஒழுக அழுதார். அதன் பிறகு அவர் அவளை அடிக்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயால் வந்ததும் இல்லை.

அவருக்கு அந்தச் சைகை எப்படித் தெரிந்தது என்று நான் வளர்ந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். முகம் வானத்துக்கு இருக்கவேண்டியவர் அல்லவா?

"வானத்தைப் பாத்தவர்! பறவை வாற இடத்திலை வாசல் கிடுகை விலத்தி விலத்திப் பாத்தது எனக்குத் தெரியாதே? சின்னப்பிள்ளையளுக்கு மிஞ்சின விளையாட்டு," என்றா அம்மா.

குண்டில் சிதறிய படச்சுருள் அன்றைக்கு நாயுண்ணிப் பற்றைச் செடிகளில் நாடாபோலத் தொங்கியது. பிள்ளைகள் பொறுக்கி ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொண்டார்கள். அக்காவின் துண்டில், நல்ல வெயிலில் பிடித்துப் பார்த்தால், கை குறுக்கே போட்ட ஒரு சின்ன மனிதன் திரும்பத் திரும்ப நின்றான். அடுத்தடுத்த இடம்பெயர்வுகளில் எங்கேயோ அது போனது. எங்கே என்று தெரியவில்லை.

சத்தமில்லாத காலத்து மாயப் படங்கள் இப்போது கைபேசியில் கிடைக்கின்றன. வேலை முடிந்து வந்து நான் தேடுவேன். பூதம், பறக்கும் குதிரை, கடலுக்கடியில் கோட்டை. அந்தப் படங்களில் ஒருவருக்கும் வாயால் தப்பமுடியாது. பயம் வந்தால் முழு உடம்பும் பயப்படவேண்டும். எச்சரிக்கை என்றால் முழுக் கையும் சொல்லவேண்டும். நூறு வருடத்துக்கு முன்னர் யாரோ ஒரு நடிகன், எங்களை அறியாதவன், கடைசி வரிசைக்கும் விளங்கவேண்டும் என்று கையை அவ்வளவு பெரிதாகத் தூக்கினான். அது அரிவு வெட்டிய வயலின் மறுகரைக்கும் விளங்கியது. இவை ஏன் இன்னும் பழசாகவில்லை என்று யாராவது கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

இப்போது சிலர் அந்தப் படங்களுக்கு இசை சேர்த்திருக்கிறார்கள். அக்காவின் பிள்ளைகள் அவளோடு பார்க்கும்போது சத்தத்தைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

இன்றைய நிலை: அக்கா உருத்திரபுரத்தில் இருக்கிறாள், வயல் செய்கிறாள். இடது காதில் சிறிது கேட்கும் என்றார்கள். கருவி வாங்கிக் கொடுத்தோம், அது அலுமாரிக்குள் இருக்கிறது. அம்மா போய்விட்டா. அப்பா அக்காவோடுதான் இருக்கிறார். துண்டு இன்னும் தோளுக்குள் இருக்கிறது. வலது கை காதுக்கு மேல் போகாது. வயலில் நிற்கிறவளைச் சோற்றுக்குக் கூப்பிட இடது கையைத்தான் தூக்குகிறார். அக்கா கண்டவுடன் வருகிறாள். அந்தப் படம் இதுவரை கிடைக்கவில்லை.